தொழிலில் ஆர்வம் வற்றியபின் மீண்டும் வரையத் தொடங்குவது எப்படி? நெல்லை வட்டார வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்யாணப் பத்திரிகை, கொடை என்று நாங்கள் சொல்லும் ஊர்க்கோயில் திருவிழாவுக்கான நோட்டீஸ், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை, புத்தக அட்டை என்று பதினான்கு ஆண்டுகள் திருநெல்வேலியில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளராக இருந்தவன் நான். ஒரு பெயருக்குப் பொருந்தும் எழுத்துருவைத் தேட உட்கார்ந்தால் பசி தெரியாது என்றிருந்த எனக்கு, 2022-ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு சுடலைமாடன் கோயில் கொடை நோட்டீஸைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஒரு கோடுகூடப் போட முடியவில்லை. அடுத்த நாளும் அப்படியே இருந்தது. அடுத்த மாதமும் அப்படியே இருந்தது.

அதன்பின் நான் செய்தவை அனைத்தும் செய்யவேண்டியவைதாம். ஆனால் வரிசை முழுவதும் தலைகீழாக இருந்தது. முதலில் வேலையை விட்டேன், பிறகு கையிருப்பு தீர்ந்தது, அதன்பின் மருத்துவரிடம் போனேன், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் எனக்கு எது வெறுத்துப்போனது என்று எழுதிப் பார்த்தேன். இதனால் பதினொரு மாதங்கள் போயின. அதே தொழிலில் இருக்கும் நண்பர்கள் இருவர் பின்னர் இதே நிலைக்கு வந்தபோது, வரிசையை மாற்றிச் சொன்னேன். ஒருவர் மூன்று மாதத்திலும் மற்றவர் நான்கு மாதத்திலும் மனம் ஒன்றி வேலை செய்யத் தொடங்கினார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். வடிவமைப்பாளரை மனத்தில் வைத்து எழுதினாலும், புகைப்படக்காரர், ஓவியர், தையற்கலைஞர், மரவேலை செய்பவர் என யாரும் தம் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. ராஜினாமாவைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

மனம் வெறுத்திருக்கும் நாளில் வேலையை விடுவது மிகப் பெரிய நிம்மதியாகத் தெரியும். அந்த நிம்மதி எனக்கு ஒன்பது நாட்கள் இருந்தது. பத்தாம் நாள் வாடகை நினைவுக்கு வந்தது. அதன்பின் எந்த வேலை வந்தாலும் பணத்துக்காக ஒப்புக்கொள்ளவேண்டிய நிலை வந்தது. விட்டு ஓடிய அதே வேலையைப் பாதிக் கூலிக்கு வீட்டிலிருந்து செய்ய நேர்ந்தது.

ஆகவே முதல் 90 நாட்களுக்கு வேலையை விடுவதில்லை என்று ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் கடையை மூடுவதில்லை என்று எழுதிக்கொள்ளலாம். இந்த 90 நாட்களைத் தொடங்குவதற்குக் காலம் பார்ப்பது நல்லது. பத்திரிகை வேலை செய்பவருக்கு ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள்; விடுப்புக் கேட்டால் கிடைக்கும், வாடிக்கையாளரும் வருந்தமாட்டார்கள். ஆனால் உங்கள் கைக்குக் கொடை நோட்டீஸ்கள் மிகுதியாக வருமானால் ஆடியைத் தவிர்த்துவிடுங்கள். நம் பக்கத்தில் ஆடிக் கொடைகளுக்குக் குறைவில்லை.

இந்தக் கட்டத்தில் எடுத்து வைக்கவேண்டிய ஆவணங்கள் சில உண்டு. பணி நியமனக் கடிதம் இருந்தால் அதன் நகல், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள் அல்லது சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கை, வருங்கால வைப்பு நிதி எண், ஆதார் மற்றும் பான் அட்டை நகல்கள். நியமனக் கடிதமே கொடுக்காத இடங்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அப்படியானால் வங்கி அறிக்கைதான் உங்களுக்குச் சாட்சி. சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குகிறவர்கள் இந்த மாதமே வங்கி வழியாகக் கேட்டு வாங்கத் தொடங்குங்கள். நான் இதைச் செய்யவில்லை. அதன் விலையை ஒன்பதாம் தலைப்பில் சொல்கிறேன்.

உங்கள் பழைய வேலைகளின் மாதிரிகளைச் சேகரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், ஊழியராக இருந்து செய்த ஓவிய, வடிவமைப்பு வேலைகளின் முதல் உரிமை முதலாளிக்குரியது. மாதிரியாகக் காட்டிக்கொள்ள எழுத்தில் அனுமதி கேட்டு வாங்குங்கள். நல்லுறவில் இருக்கும்போது கேட்டால் இரண்டு வரியில் எழுதித் தந்துவிடுவார்கள். கோபத்தில் பிரிந்தபின் கேட்டால் கிடைக்காது.

2. மனத்தைக் குறைசொல்வதற்கு முன் உடம்பைச் சோதியுங்கள்

ஆர்வமின்மை என்று நான் ஏழு மாதம் நம்பிக்கொண்டிருந்ததில் பாதி, உடம்பில் இருந்த கோளாறு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் எதிலும் பிடிப்பில்லாமல் போகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் அப்படியே. மருத்துவரைப் பார்த்து, முழு இரத்த அணுக்கள் எண்ணிக்கை, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, பி12, வைட்டமின் டி ஆகிய சோதனைகள் தேவையா என்று கேளுங்கள். எனக்குத் தனியார் ஆய்வகத்தில் எல்லாம் சேர்த்து 1,750 ரூபாய் ஆனது. முடிவு மறுநாள் மாலை கிடைத்தது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் புறநோயாளிப் பிரிவில் செலவில்லாமல் பார்க்கலாம். ஆனால் ஒரு முழுக் காலைப் பொழுதை அதற்கென ஒதுக்கவேண்டும். ஆதார் நகலும் பழைய மருந்துச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணையும் சோதிக்கவேண்டும். வெள்ளெழுத்து வந்திருப்பது தெரியாமல், மாலையில் வரும் தலைவலியை வேலைமேல் உள்ள வெறுப்பென்று நினைத்திருந்தேன். கண்ணாடி போட்ட முதல் வாரத்திலேயே மாலை நேர எரிச்சலில் ஒரு பகுதி குறைந்தது.

அடுத்து உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: வெறுப்பு தொழிலில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? வேலைக் களைப்பை உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு ஏற்ற நோய் வகைப்பாட்டில், நோய் என்று சொல்லாமல் தொழில்சார் நிகழ்வு என்றே குறித்தது. சக்தி வற்றிய உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்படைதல், செய்வதில் திறன் குறைந்ததாகத் தோன்றுதல் ஆகிய மூன்றும் அதற்கு அடையாளங்கள். இந்த மூன்றும் வேலையைச் சுற்றியே நின்றால் கீழே உள்ள படிகள் உதவும். அவ்வாறின்றி, பிள்ளைகளோடு பேசவும், நல்ல சாப்பாட்டைச் சாப்பிடவும், வீட்டு விசேஷத்துக்குப் போகவும்கூட இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மனமில்லை, உறக்கமும் கெட்டுவிட்டது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். குறிப்பேடும் பயணமும் அதற்கு மருந்தாகா. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வாழவேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை மறைவாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. மருந்து எழுதித் தந்தால், சற்றுத் தெளிந்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதையும் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

3. பதினான்கு நாள் குறிப்பேடு எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். செலவு ஒரு கோடு போட்ட நோட்டின் விலை மட்டுமே. விடுப்பு எடுப்பதற்கு முன், வேலையில் இருக்கும்போதே எழுதவேண்டும். வீட்டிலிருந்து நினைவில் எழுதினால் எல்லாமே கசப்பாகத்தான் வரும்.

பக்கத்தை ஐந்து பத்திகளாகப் பிரியுங்கள். நேரம், செய்த வேலை, யாருக்காக, ஒன்று முதல் ஐந்துவரை மனம் ஒன்றிய அளவு, மனத்தைக் கலைத்தது எது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு வரி போதும். இரவில் மொத்தமாக உட்கார்ந்து எழுதாதீர்கள்.

என் குறிப்பேட்டில் பதினான்கு நாட்களில் 61 வேலைகள் இருந்தன. அவற்றில் புதிதாக யோசித்துச் செய்தவை ஒன்பது. மற்ற 52-உம் பெயர் சேர்த்தல், முகம் வெட்டி ஒட்டுதல், கொடைக்கு வரி கொடுத்த வரிதாரர்களின் பட்டியலை மறுபடி வரிசைப்படுத்துதல், தாய்மாமன் படத்தைப் பெரிதாக்குதல் ஆகியவை. வியப்பு என்னவென்றால், அந்த ஒன்பதில் ஆறு வேலைகளுக்கு நான்கு மதிப்பெண் போட்டிருந்தேன். வரைவதே பிடிக்கவில்லை என்று மாதக்கணக்கில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். என் கையே அதை மறுத்து எழுதியிருந்தது. ஐந்தாம் பத்தியைக் கீழே வரை படித்தபோது மீதியும் விளங்கியது. இரவு ஒன்பது மணிக்குமேல் வாட்ஸ்அப்பில் வந்த திருத்தங்கள் இருந்த நாட்களுக்கு மறுநாள் காலை மதிப்பெண் இரண்டைத் தாண்டவே இல்லை.

உங்கள் குறிப்பேடு வேறு ஒன்றைச் சொல்லக்கூடும். நண்பர் ஒருவருக்கு இரவுத் திருத்தம் ஒரு சுமையாகவே இல்லை. பத்து ஆண்டுகளாக ஒரே வகை ஆல்பத்தைச் செய்து, கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லாததுதான் அவருடைய வறட்சி. அவருக்குத் தேவைப்பட்டது ஓய்வு அன்று, புதிய திறன். களைப்படைந்தவர் புதிய பயிற்சியில் சேர்ந்தால் மேலும் களைப்பார். சலிப்படைந்தவர் மலைக்குப் போய் வெறுமனே உட்கார்ந்தால் மேலும் சலிப்பார். எது என்று தெரியாமல் யாரோ சொன்ன மருந்தைச் சாப்பிடாதீர்கள்.

இந்தக் குறிப்பேட்டை முதலாளியிடமோ உடன் வேலை செய்பவரிடமோ காட்டவேண்டாம். அதில் பிறர் பெயர்கள் இருக்கும். மேசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

4. பணத்தைக் கணக்கிட்டு விடுப்பை எழுதிக் கேளுங்கள்

மூன்று மாத வீட்டுச் செலவை எழுதிப் பாருங்கள். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், தவணைகள், மருந்து, கல்யாண மொய் ஆகிய ஆறும் போதும். மொய்யை விட்டுவிடாதீர்கள், தையிலும் ஆவணியிலும் அது ஒரு தவணைக்குச் சமமாக வரும். ஒரு மாதச் செலவாவது கையிருப்பில் இல்லாவிட்டால் முதலில் அதைச் சேர்த்துக்கொண்டு 90 நாட்களைத் தொடங்குங்கள். வைப்பு நிதியை உடைத்து ஓய்வு எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பணம் தீரும் வேகம் மனத்தில் புதிய பயத்தை உண்டாக்கும்.

கேட்கவேண்டிய விடுப்பு ஏழு முதல் பத்து நாள். நீண்ட விடுப்பு வேண்டியதில்லை. கடிதத்தில் உடல்நலக் காரணம் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆர்வம் போய்விட்டது என்று எழுதவேண்டாம். தொடங்கும் தேதி, திரும்பும் தேதி, நிலுவை வேலைகளின் பட்டியல், அவற்றை யார் பார்த்துக்கொள்வார் என்பது ஆகிய நான்கும் கடிதத்தில் இருந்தால் மறுக்கக் காரணம் இருக்காது. மூன்று வாரத்துக்கு முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள் அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

5. கணினியைத் தொடாத ஒரு வாரம்

விடுப்பின் முதல் ஏழு நாட்களில் தொழில் தொடர்பான எந்தக் கருவியையும் தொடாதீர்கள். கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் மட்டுமல்ல, பிறர் செய்த வடிவமைப்புகளைக் கைப்பேசியில் புரட்டுவதும் இதில் சேரும். புரட்டுவதை ஓய்வென்று நினைப்பது இந்தப் படியில் எல்லாரும் விழும் பள்ளம். ஒரு மணி நேரத்தில் நூறு பேருடைய சிறந்த வேலையைப் பார்த்தபின் நம் கைக்கு எழுந்திருக்க மனம் வராது.

அதற்குப் பதில் உறங்குங்கள், நடங்கள், ஆற்றில் குளியுங்கள். நமக்குத் தாமிரபரணி இருக்கிறது; பாபநாசத்திலோ உங்கள் ஊருக்கு அருகில் உள்ள படித்துறையிலோ காலையில் ஒரு மணி நேரம் போதும். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் இழுப்பு மிகுதி. உள்ளூர்க்காரர்கள் குளிக்காத துறையில் இறங்கவேண்டாம். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகலாம் என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டத்தில் மேலும் களைத்துத் திரும்புவீர்கள், வார நாளில் போங்கள்.

நான்காம் நாள் அளவில் மிகுந்த சலிப்பு வரும். எனக்கு அழுகைகூட வந்தது. இந்த நேரத்தில் அச்சகத்தில் என்னோடு வேலை செய்த மூத்த அச்சுக்கோப்பாளரிடம் பேசினேன். "சவத்த விடும்வே, ஒரு வாரம் சும்மா கெடயும், ஒண்ணும் கொறஞ்சிராது" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. உங்களுக்கும் அப்படிப்பட்ட ஒரு மனிதர் இருப்பார். நான்காம் நாளுக்கு அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

6. முப்பத்தோரு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம்

விடுப்பின் எட்டாம் நாள் தொடங்கவேண்டியது இது. ஆர்வம் வந்ததும் வரையலாம் என்று காத்திருந்து நான் ஐந்து மாதம் இழந்தேன். பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்ற பெயரில் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் முறையை எனக்கு மருத்துவர் விளக்கினார்: மனநிலை மாறியபின் செயல் என்று காத்திராமல், மிகச் சிறிய செயலை நேரம் குறித்துச் செய்ய, மனநிலை அதன் பின்னால் வரும்.

எனக்கு நான் வைத்துக்கொண்ட வேலை தமிழ் எழுத்துகள். உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, மெய் பதினெட்டு ஆக முப்பத்தொன்று; ஒரு நாளைக்கு ஒன்றாகச் சரியாக ஒரு மாதம். வெள்ளைத் தாளில் பென்சிலால் கட்டம் கட்டி, தட்டைத் தூரிகையும் கறுப்பு மையும் கொண்டு, நாளுக்கு ஓர் எழுத்தை வெவ்வேறு விதமாக வரைந்தேன். தாள், இரண்டு தூரிகை, மை எல்லாம் 420 ரூபாய். காலை ஐந்தரை முதல் ஆறு பத்து வரை, கைப்பேசி அடுத்த அறையில்.

முதல் நாள் 'அ' என்னும் எழுத்தின் சுழி என் கைக்கு வரவில்லை. பதினான்கு ஆண்டுகள் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தவனுக்கு எழுத்தை வரையத் தெரியவில்லை என்பது வலித்தது. ஆனால் அந்த வலியில் சலிப்பு இல்லை. மூன்றாம் நாள் 'இ' என்னை முழுமையாகத் தோற்கடித்தது. அன்று மாலை திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளைச் சுற்றி, தூரிகையால் எழுதிய பழைய கடைப் பலகைகளில் 'இ' எங்கேனும் இருக்கிறதா என்று தேடி நடந்தேன். எனக்காக, யாரும் கேட்காமல், ஓர் எழுத்தைத் தேடி நடந்தது பல ஆண்டுகளில் அதுதான் முதல்முறை. பதினேழாம் நாள் 'ஞ்' வந்தபோது நாற்பது நிமிடம் போதவில்லை. ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். அதுவும் தவறுதான். மறுநாள் உட்காரத் தயக்கம் வந்தது. நன்றாகப் போகும் நாளிலும் நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள்.

இந்த மாதத்தில் இரண்டு விதிகளை மீறாதீர்கள். வரைந்ததை எங்கும் பதிவிடாதீர்கள்; விற்காதீர்கள். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசுச் சான்று தருவோம் என்று முன்னரே சொல்லி வரையச் சொன்னார்கள். பின்னர் விளையாட்டு நேரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். கூலிக்கு வரைந்து வரைந்து வற்றியவருக்கு, கூலியும் பாராட்டும் இல்லாத நாற்பது நிமிடம் தேவைப்படுவதன் காரணத்தை இதில் கண்டேன்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபின்னும் இந்த மாதம் தொடரவேண்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகச் செய்யவேண்டாம். விட்ட எழுத்திலிருந்து தொடருங்கள். புகைப்படக்காரர் ஒரே தெருமுனையை முப்பத்தோரு நாள் எடுக்கலாம். தையல் செய்பவர் நாளுக்கு ஒரு விரற்கடைப் பூவேலை செய்யலாம்.

7. கையால் செய்ததைப் போய்ப் பாருங்கள்

வாரத்துக்கு ஒரு நாள், நான்கு வாரம். பயணமும் சாப்பாடும் சேர்த்து நாளுக்கு 300 ரூபாய்க்குள் முடித்தேன். கைப்பேசிக் கேமராவைப் பையில் போட்டுவிட்டு நோட்டும் பென்சிலும் மட்டும் வெளியே எடுங்கள்.

திருச்செந்தூர்ச் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் இருக்கிறது. வீரபத்திரர், மன்மதன், ரதி, அரசகுமாரியைச் சுமந்தோடும் குறவன் என நாயக்கர் காலச் சிற்பங்கள். ஒரே தூணின்முன் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எல்லாத் தூணையும் பார்த்துவிட நினைக்காதீர்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடவேண்டும். டவுனில் நெல்லையப்பர் கோயில் தாமிர சபையின் மரவேலைப்பாட்டைப் பிறந்தது முதல் கடந்து போயிருப்போம், நின்று பார்த்திருக்கமாட்டோம். குற்றாலத்தில் சித்திர சபை, நடராசரை ஓவியமாகவே வழிபடும் இடம். திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்தின் உள்நிலைகளில் சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் உள்ளன. ஏறிப் பார்க்க விரும்பினால் முன்னரே கோயிலில் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள், நேரே போய் ஏமாறவேண்டாம்.

எனக்கு மிகுந்த பயன் தந்தது பத்தமடை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கோரைப் பாய் நெய்யும் ஊர். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வயதான அம்மா ஒருவர் நெய்வதை இரண்டு மணி நேரம் பார்த்தேன். கோரையை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பியதை உலர்த்தி, மயிரிழைபோலக் கிழித்துத்தான் மெல்லிய பாய்க்கு எடுக்கிறார்கள். ஊறாமலே கிழித்தால் என்ன என்று கேட்டேன். "முறிஞ்சிரும் தம்பி. அவசரக்காரனுக்கு மொரட்டுப் பாய்தான்" என்றார். பார்க்கப் போகிறவர்கள் ஒரு சிறு பாயாவது வாங்கிக்கொண்டு வாருங்கள். அவர்களுடைய இரண்டு மணி நேரத்துக்கும் விலை உண்டு.

8. கூலி வேலையின் நிபந்தனைகளை மாற்றுங்கள்

மேலே சொன்னவற்றைச் செய்து தெளிந்து வந்தவரை, பழைய நிபந்தனைகள் மூன்றே வாரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் ஆகி, இரண்டாவது முறை தொடங்கவேண்டி வந்தது. குறிப்பேட்டின் ஐந்தாம் பத்தியில் மிகுதியாக வந்த காரணம் எதுவோ, அதை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

எனக்கு அது திருத்தங்கள். இப்போது ஒரு பக்க ஆர்டர் படிவம் வைத்திருக்கிறேன்: பெயர்ப் பட்டியலை எழுதித் தரவேண்டும், பாதித் தொகை முன்பணம், இரண்டு திருத்தம்வரை கட்டணமில்லை, மூன்றாவது முதல் ஒவ்வொன்றுக்கும் 150 ரூபாய், இரவு எட்டுக்குமேல் வரும் செய்திகளுக்கு மறுநாள் காலையில்தான் பதில். கையெழுத்து வாங்கியபின்தான் கணினியைத் திறக்கிறேன். முதல் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார்கள். வருமானம் அந்த அளவுக்குக் குறையவில்லை, ஏனென்றால் போனவர்கள்தாம் அதிகம் திருத்தியவர்கள்.

உறவுக்காரர் வேலை நம் ஊரில் தனிச் சிக்கல். "நம்ம பய கல்யாணம்லா, நீ பாத்துச் செய்யி" என்றால் பணம் கேட்க வாய் வராது. இலவசமாகச் செய்யாதீர்கள், முழுத் தொகைக்கும் பில் போட்டு, அதிலேயே 'அன்பளிப்புக் கழிவு' என்று ஒரு வரி எழுதிக் குறைத்துக் கொடுங்கள். என்ன கொடுத்தோம் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் மனக்கசப்பு சேராது.

தனியாகத் தொழில் செய்பவர்கள், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதார், பான், ஆதாருடன் இணைத்த கைப்பேசி எண் ஆகியவை வேண்டும். அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் கட்டணம் எதுவும் இல்லை. அதே போன்ற தோற்றத்தில் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் பணம் கட்டாதீர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குமேல் நிறுத்தி வைக்கக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள். கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் வேலை செய்யும்போது பில்லின் அடியில் பதிவு எண்ணை அச்சிட்டாலே பாக்கி முன்பைவிட விரைவில் வருகிறது. வராத பாக்கியைப்போல வரைகிற கையைத் தளரவைப்பது வேறில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாக வேண்டியதில்லை.

9. தொண்ணூறாம் நாள்

பழைய குறிப்பேட்டைப் போலவே மறுபடியும் பதினான்கு நாள் எழுதி, 90-ஆம் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்காம் பத்தியின் மதிப்பெண் கூடியிருந்தால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். நாற்பது நிமிட வேலையில் மனம் ஒன்றுகிறது, அலுவலக வேலையில் மட்டும் மாற்றமே இல்லை என்றால் இடம்தான் சிக்கல், இப்போது விடலாம்.

விடும்போது ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். பணி அனுபவச் சான்றிதழ், கணக்குத் தீர்ப்புச் சீட்டு இரண்டையும் கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இருந்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு: கணக்கில் கொள்ளும் கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கவேண்டும். 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் பதினான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 1,45,000 ரூபாய் வரும். விட்ட 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். நான் ரொக்கச் சம்பளம் வாங்கி, வாய்ச்சொல்லாக விடைபெற்று வந்தவன். பதினான்கு ஆண்டுகளை நிரூபிக்க என்னிடம் ஒரு தாளும் இல்லை. அந்தத் தொகை எனக்குக் கிடைக்கவில்லை.

இருந்தாலும் விட்டாலும், அடுத்த மார்கழியில் குறிப்பேட்டை மறுபடி பதினான்கு நாள் எழுதுங்கள். இரண்டுக்குக் கீழான மதிப்பெண் ஒரு வாரம் தொடர்ந்து வந்தால், தை முகூர்த்த வேலைகள் குவிவதற்கு முன்பே ஐந்தாம் பத்தியைப் பார்த்து ஒரு வாடிக்கையாளரைக் குறைத்துவிட்டு, காலை ஐந்தரைக்கு மறுபடி 'அ'-விலிருந்து தொடங்குங்கள்.